அளக்காமல் காற்றாலை வேண்டாம்: செங்கம் வட்டார மானாவாரி விவசாயிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
வட்டார மானாவாரி விவசாயிகள் சங்கம்,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

நகல்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், சென்னை, தலைமை இயக்குநர், தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், பள்ளிக்கரணை.

பொருள்: காற்று வளம் குறைந்த எங்கள் பகுதியில் காற்றாலைக்கென நிலம் எழுதி வாங்கப்படுவது – ஓராண்டு காற்றளவுக்குப் பிறகே அனுமதிக்கவும், காற்று போதாத ஊர்களுக்கு மாற்று வழியில் பயன் கிடைக்கச் செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் சங்கம் காற்றாலைக்கு எதிரானது அல்ல. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைத் தொழிலில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியாக வளர்ந்ததில் எங்களுக்கும் பெருமை உண்டு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு பாய்கிறது. அங்கே காற்றாலை ஓடுவதற்கு இயற்கையே காரணம். அந்த இயற்கை எங்கள் ஊரிலும் இருக்கிறதா என்று யாரும் அளந்து காட்டாத நிலையில், எங்கள் நிலங்கள் ஒப்பந்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மனுவுக்குக் காரணம் அதுதான்.

கடந்த ஆடி மாதத்தில் நிலத் தரகர்கள் சிலர் எங்கள் ஊராட்சிகளுக்கு வந்தார்கள். ஏரிக்கரை மேல் நின்று, கையடக்கமான ஒரு கருவியைத் தூக்கிப் பிடித்து, நொடிக்கு 8 மீட்டர் வேகம் என்று காட்டினார்கள். செங்கமும் கணவாய்தானே, ஆரல்வாய்மொழி போலத்தான் என்றார்கள். செங்கத்துக்குக் கணவாய் என்ற பெயர் பழையது. 1767-இல் ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதிய வழி இது. படை நடந்த கணவாயில் மின்சாரம் எடுக்கும் அளவுக்குக் காற்று வரும் என்பதற்கு அது சான்றாகாது.

அம்மியும் பறக்கும் ஆடியை வைத்து ஆண்டுக்கணக்கு போட முடியாது. மாசி, பங்குனியில் எங்கள் களங்களுக்கு வந்து பார்த்தால் இது புரியும். அடித்த கேழ்வரகைக் குவித்து வைத்துவிட்டு, முறத்தோடு பெண்கள் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். பிற்பகலில் ஒரு வீச்சு வரும், நான்கு முறம் தூற்றுவதற்குள் அடங்கிவிடும். இப்போது பலரும் களத்துக்கு மின்விசிறியைக் கொண்டுவந்து தூற்றுகிறார்கள். தூற்றுவதற்கே மின்சாரத்தை நாடும் ஊர் இது.

காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆடியில் 8 மீட்டர் வேகம் காட்டிய இடம் மற்ற மாதங்களில் 4 மீட்டருக்கு இறங்கினால், அந்த மாதங்களில் கிடைப்பது அந்த எட்டில் ஒரு பங்குதான். 6 மீட்டர் என்று நம்பிய இடத்தில் 5 மீட்டர்தான் வீசினால் ஆற்றலில் நூற்றுக்கு 42 பங்கு போய்விடும். ஒரு மீட்டர் தவறு திட்டத்தையே கவிழ்க்கும் தொழிலில், ஏரிக்கரையில் அரை மணி நேரம் பிடித்த கருவியை நம்பி நாங்கள் எப்படி நிலத்தைத் தருவது?

மாநிலம் முழுவதற்குமான மதிப்பீடும் இதற்கு விடை ஆகாது. 120 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டின் காற்றாற்றல் வாய்ப்பு 68 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் என்று தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் கணித்திருப்பதை மதிக்கிறோம். அது மாநிலத்துக்கான கணக்கு. அதைக் காட்டி ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணில் இவ்வளவு யூனிட் வரும் என்று தரகர் சொல்வது ஏமாற்று.

முன்பு 50 மீட்டர் உயரத்தில் சதுர மீட்டருக்கு 200 வாட் காற்றாற்றல் அடர்த்தி இருந்தால்தான் காற்றாலைக்கு ஏற்ற இடம் என்ற வரம்பு இருந்தது. பின்னர் மத்திய அரசு அதை நீக்கியது. உயர்ந்த கோபுரமும் நீண்ட இறக்கையும் வந்துவிட்டதால், குறைந்த காற்றிலும் ஓடும் இயந்திரங்கள் இப்போது கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை 140 மீட்டர் உயரக் கோபுரமும் 70 மீட்டர் நீள இறக்கையும் கொண்டவை. அந்த இறக்கை டிரெய்லரில் எங்கள் ஊர்ச் சாலையில் திரும்ப வேண்டுமானால் புளியமரங்கள் போகும், ஏரி வரத்துக்கால்வாயின் மேல் கிராவல் கொட்டப்படும், பெரிய கிரேன் நிற்பதற்கு மணிலா விளையும் நிலம் கெட்டித்தரையாகும். நல்ல காற்றுள்ள இடத்தில் இந்த இழப்பை ஈடுகட்ட மின்சாரமாவது வரும்.

எங்கள் உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரத்தின் நகலை இணைத்துள்ளோம். அதில் குத்தகைக் காலம் 29 ஆண்டு 11 மாதம். குத்தகைப் பணம் 'மின் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து' என்று மட்டும் இருக்கிறது. அந்த நாள் எது என்பதற்குக் கெடு இல்லை. உற்பத்தி தொடங்காவிட்டாலும் நிலத்தை வேறு எவருக்கும் தரக்கூடாது, அடமானமும் வைக்கக்கூடாது. காற்றின் வேகம் பற்றி ஒரு வரி உண்டு. எந்த உயரத்தில், எந்த மாதத்தில் அளந்தது என்ற குறிப்பு அதில் இல்லை. மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பிக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்கும் குடும்பத்துக்கு இது எப்படிப்பட்ட கட்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே தங்களிடம் வேண்டுவன:

முதலாவதாக, இவ்வட்டத்தில் காற்றாலைக்கு எந்த அனுமதியும் வழங்கும் முன், குறைந்தது ஓராண்டு காற்றளவுக் கோபுரம் நிறுவி, ஒன்றுக்கு மேற்பட்ட உயரங்களில் அளந்து, அந்த அளவீட்டைத் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சரிபார்க்க வேண்டும். மாதவாரிச் சராசரியைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டி, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். அளவீடு காற்றாலை நிறுவனத்தின் தனிச்சொத்து என்று மறைக்கப்பட்டால் நிலம் தருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்திடுவதாகும்.

இரண்டாவதாக, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கொண்டு முகாம் நடத்திப் பரிசீலித்து, கெடுத் தேதி இல்லாதவற்றைத் திருத்தவோ ரத்து செய்யவோ உதவ வேண்டும்.

மூன்றாவதாக, அளந்து பார்த்து எங்காவது காற்று போதும் என்று தெரிந்தால் நாங்கள் தடை சொல்லமாட்டோம். அங்கே மத்திய அரசின் 2016 வழிகாட்டு நெறிமுறையில் உள்ளபடி குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் இடைவெளி காக்கப்பட வேண்டும். வரத்துக்கால்வாய்களைத் தொடக்கூடாது. காலம் முடிந்ததும் கோபுரத்தையும் கான்கிரீட் அடித்தளத்தையும் அகற்றுவதற்கான வைப்புத்தொகை முன்கூட்டியே பெறப்பட வேண்டும்.

நான்காவது கோரிக்கையே எங்களுக்கு முதன்மையானது. காற்று இல்லாத ஊர் காற்றாலையின் பயனை இழக்க வேண்டியதில்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதைத் தன் எல்லைக்குள் நட்டுவைக்கவில்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் நிறுவியது. ஊராட்சியின் தேவைக்குப் போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, கடனைக் கட்டியது. கம்பி வழியே மின்சாரம் வரும்போது காற்றாலை எங்கே நின்றால் என்ன? அரசு 2024-இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. கணவாய்ப் பகுதிகளில் சிறிய, பழைய இயந்திரங்கள் நிற்கும் மிகச் சிறந்த இடங்களில் பெரியவை வரப்போகின்றன. அவற்றில் எங்களைப் போன்ற ஊராட்சிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பங்கு வாங்க வழிசெய்து, வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தர வேண்டும். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஊராட்சி கட்டும் மின்கட்டணம் அதிலிருந்தே கழியும்.

ஐந்தாவதாக, காற்று குறைந்தாலும் வெயிலுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. பிரதமரின் குசும் திட்டத்தின் முதல் பிரிவில், துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தரிசு நிலத்தில் விவசாயிகளும் ஊராட்சிகளும் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின்நிலையம் அமைக்கலாம். எங்கள் வட்டத்துத் துணை மின்நிலையங்களில் எவ்வளவு மின்சாரம் ஏற்க இடம் உண்டு என்ற விவரத்தை வெளியிட்டு, விண்ணப்பத்துக்கு உதவ ஓர் அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும்.

இந்த மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை அடுத்த கிராம சபைக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், அதுவரை புதிய காற்றாலை விண்ணப்பங்கள் எதன் மீதும் இவ்வட்டத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: ஒப்பந்தப் பத்திர நகல்; கிராம சபைத் தீர்மான நகல்கள்; உறுப்பினர் கையொப்பப் பட்டியல்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்