செருப்பு கிளறிய சிவப்பு மண்

கற்களோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, செவ்வாய்ல எந்தக் கல்லைப் பார்க்கணும்னு இப்போ ரோவரே முடிவு பண்ணுதாம். இனிமே உங்கள மாதிரி ஆளுங்க எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதனால் பெரும்பாலும் ஒரு நாள் வேலையை மொத்தமாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கியூரியாசிட்டி ரோவரில் 2016 முதல் ஏஜிஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. புது இடத்தில் வண்டி நின்றதும் அது தானே படத்தைப் பார்த்து, விஞ்ஞானிகள் முன்பே சொல்லிவைத்த தன்மைகளோடு பொருந்தும் கல்லைத் தேர்ந்தெடுத்து லேசரைப் பாய்ச்சும். பூமியின் பதிலுக்குக் காத்திருந்து ஒரு நாள் வீணாவதில்லை. நல்ல ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன்.

என் தயக்கம் வேறு. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் தக்காண எரிமலைப் பாறைகளை வரைபடமாக்கும் வேலை. கையில் பட்டியல், கீழே ஜீப், மாலைக்குள் முடிக்க வேண்டிய மலை. என்னோடு மூட்டை தூக்கி வந்த பெரியவரைக் காகா என்றுதான் கூப்பிடுவேன். சரளைச் சரிவில் அவர் செருப்பு வழுக்கியது. "சாஹேப், இங்கே மண் சிவப்பாக இருக்கிறது" என்றார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு எரிமலைக் குழம்பு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய சிவப்பு அடுக்கு. முதல் ஓட்டம் ஆறி, மண்ணாகி, அதன் பிறகே அடுத்தது வந்திருக்கிறது. நானோ இரண்டையும் ஒன்றாக வரைந்திருந்தேன். அதற்கு முன் முடித்த இரண்டு மலைகளிலும் அப்படித்தான் வரைந்திருப்பேனோ என்ற சந்தேகம் இன்றும் உண்டு. திரும்பிப் போய்ப் பார்க்க வாய்ப்பு கிடைக்கவில்லை.

1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட் புவியியலாளர். நிலவில் ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில், காலடி பட்டுக் கிளறிய இடத்தில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை பீய்ச்சியடித்த கண்ணாடித் துளிகள் அவை.

மனிதர் போகாத செவ்வாயிலும் இப்படி நடந்தது. ஏரிப் படிவு தேடி 2004-இல் கூசேவ் பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிட் ரோவர் பெரும்பாலும் எரிமலைப் பாறையைத்தான் கண்டது. 2006-இல் அதன் முன்சக்கரம் ஒன்று செத்துப்போனது. அதை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓட்டினார்கள். 2007-இல் அந்தச் சக்கரம் கீறிய தடத்தில் வெள்ளை மண். சோதித்தால் கிட்டத்தட்ட 90 சதவீதம் சிலிக்கா. வெந்நீரோ நீராவியோ புழங்கிய இடமென்று தெரிந்தது. சக்கரம் கீறியது தற்செயல். ஆனால் படத்தைப் பார்த்து, "நில், இது என்ன?" என்று கேட்டவர்கள் மனிதர்கள்.

இந்த மூன்றுமே முன்கூட்டி எழுதிய பட்டியலில் இருந்திருக்காது. நாம் விரும்புவதைத் தேடு என்று இயந்திரத்துக்குச் சொல்வது சுலபம். நாம் நினைத்தே பார்க்காததைத் தேடு என்று சொல்வதுதான் கடினம். ஆகவே நான் சொல்வது இதுதான். பத்து முறை லேசர் பாய்ச்சினால் ஒன்றையாவது, சுற்றியுள்ள எதோடும் ஒட்டாத கல்லுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டி தன் தடத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். மின்சாரமும் நேரமும் செலவாகும், பல நாள் ஒன்றும் கிடைக்காது, உண்மைதான். நேரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். வெட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பேரனிடம் சொன்னேன்: "கல்லை ரோவர் பொறுக்கட்டும்டா. அது கிளறிவிட்டுப் போன மண்ணைப் பார்க்க ஒரு காகா வேணும்."

அந்த மலையின் அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. காகாவின் பெயர் இல்லை.