வீட்டுப் பெயர் எங்கே போயிற்று?

"சர்நேம் என்ன எழுதட்டும்?"

பேரனைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தபோது, பாரத்தை நிரப்பிய குமாஸ்தா கேட்டார். என் மகன் தன் பெயரைச் சொன்னான். மகனுடைய சர்நேம் என் பெயர். என்னுடையது என் தகப்பனார் பெயர். "மூன்று தலைமுறைக்கு மூன்று சர்நேமா? நீங்கள் ஒரே குடும்பம்தானே?" என்று அவர் சிரித்தார். ஊரை விட்டு வந்து வாழும் நம்மில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர்கள் குறைவு.

இது நமக்கு மட்டும் உரிய சங்கடம் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டிலும் நம்மைப் போலவே தகப்பன் பெயர்தான் மகனுக்கு அடையாளமாக இருந்தது. ஹவெல் என்பவரின் மகன் ரீஸ், 'ரீஸ் அப் ஹவெல்'. 'அப்' என்றால் மகன். 1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டு, ஆங்கில முறை நிர்வாகம் வந்ததும் நிலையான சர்நேம் பரவத் தொடங்கியது. அப் ஹவெல் 'பவெல்' ஆனார். அப் ரீஸ் 'ப்ரைஸ்' ஆனார். சில கிராமங்களில் இந்த மாற்றம் முடிய பத்தொன்பதாம் நூற்றாண்டே ஆகிவிட்டது.

விளைவு என்ன? ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்ற சில பெயர்களுக்குள் பெரும்பாலான மக்கள் அடங்கிவிட்டார்கள். ஒரே கிராமத்தில் பத்து ஜான் ஜோன்ஸ் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது? வீட்டின் பெயரால்தான். 'டீ மவுர்' என்றால் பெரிய வீடு. 'பென் அ ப்ரின்' என்றால் குன்றின் உச்சி. கோடையில் மேய்ச்சலுக்குப் போய்த் தங்கும் மலைவீடு 'ஹாவோட்'. குளிர்காலத்தில் திரும்பி வரும் பழைய வீடு 'ஹென்ட்ரே'.

இன்று வேர்களைத் தேடும் வேல்ஸ் வம்சாவளியினருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இந்த வீட்டுப் பெயர்தான். பழைய கடிதத்திலோ, குடும்ப பைபிளின் முதல் பக்கத்திலோ அது கிடைத்தால் போதும். 1841 முதலான மக்கள் தொகைக் கணக்கில் ஆட்களின் பெயரோடு வீட்டின் பெயரையும் பார்க்கலாம். 1851 முதல் பிறந்த ஊரும் உண்டு. 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி தேவாலயத்துக்கான தசமபாகத்தைப் பணமாக மாற்ற வரைந்த வரைபடங்களில், நிலத்தின் உடைமையாளர், குடியிருந்தவர், வயலின் பெயர் வரை இருக்கின்றன. அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள தேசிய நூலகம் அவற்றையும், 1858க்கு முந்தைய உயில்களையும் காத்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: 'பென் அ ப்ரின்' எத்தனையோ ஊர்களில் உண்டு. வீட்டுப் பெயரோடு ஊர்ப் பெயரும் தெரிந்தால்தான் வழி திறக்கும்.

வீட்டுப் பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. வட வேல்ஸில் யால் என்னும் வட்டாரத்தில் 'ப்ளாஸ் அன் யால்' என்றொரு மாளிகை. அதைச் சேர்ந்த குடும்பம் அந்தப் பெயரையே சர்நேமாக்கிக்கொண்டது. ஆங்கில வாயில் அது 'யேல்' ஆயிற்று. அந்த வம்சத்தில் 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1718இல் அவர் அனுப்பிய சரக்கு மூட்டைகளுக்கும் 417 புத்தகங்களுக்கும் நன்றியாகத்தான் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஊழல் குற்றச்சாட்டுகளோடு பதவி இழந்தவர் அவர், புகழ்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு மலைநாட்டு வீட்டின் பெயர் உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்தின் வாசலில் நிற்கிறதே, அதைச் சொல்கிறேன்.

அந்த வேல்ஸிலும் இன்று கவலை இருக்கிறது. பழைய வீடுகளை வாங்குபவர்கள் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட வரலாற்று இடப்பெயர்ப் பட்டியல் ஒன்றை அரசே வைத்திருக்கிறது. ஆனாலும் பட்டியலில் இருப்பதால் மட்டும் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். சர்நேம் கட்டத்தை நிரப்ப நம்மவர் சிலர் இங்கே சாதிப் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நம் பாட்டன்மார் துணிந்து உதறியதை, ஒரு பாரத்தின் கட்டத்துக்காகப் பேரப்பிள்ளைகள் தலையில் மீண்டும் ஏற்றலாமா? தகப்பன் பெயரையே எழுதுவோம். மூன்று தலைமுறைக்கு மூன்று சர்நேம் இருந்தால் இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அதனால் வரும் நஷ்டத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இனிஷியல் ஒரு தலைமுறையைத்தான் காட்டும். அதற்கு மேலே போக நமக்கும் வீடுதான் துணை. மேலவீடு, காரைவீடு, கிணற்றடி வீடு என்று நம் ஊர்களிலும் வீட்டுக்குப் பெயர் இருந்தது. "கிணற்றடி வீட்டுப் பேரனா நீ?" என்று கேட்கும் கிழவி இருக்கும் வரை அந்தப் பெயர் இருக்கும். அவளுக்குப் பிறகு? வீட்டை விற்றாயிற்று, இடித்துக் கட்டியும் ஆயிற்று. நம் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரே சரியாகத் தெரிவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெயர், தெரு, ஊர், வட்டம், அங்கே வாழ்ந்தவர்கள், ஊரை விட்டுப் புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தெரியாததை ஊரிலிருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். அடுத்த கோடை விடுமுறைக்குள் கேட்டுவிடுங்கள். என் பெரியப்பாவிடம் கேட்க நினைத்து நான் மூன்று விடுமுறைகளைத் தள்ளிப்போட்டேன். நான்காவதில் அவர் இல்லை.