கச்சேரி முடிந்தபின் நம்மை எண்ணுகிறவர் யார்?



தியானத்திற்கு: 1 சாமுவேல் 10:5-12, ஆமோஸ் 6:4-6

"ஐயா, என் மகன் பாட்டுக் கச்சேரி, பாட்டுக் கச்சேரி என்று அலைகிறான். அவனுக்காக ஜெபியுங்கள்" என்று பெற்றோர் கேட்டுக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஒருவருடைய பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறான். வார இறுதியில் ஓர் இசைக்குழு எந்த ஹோட்டலின் பாரில் வாசிக்கிறதோ அங்கே போய்விடுகிறான். இன்னொருவருடைய பிள்ளை உள்ளூர் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறான். இரண்டு செய்தியும் நோய்ச் செய்தியைப் போலவே தாழ்ந்த குரலில் சொல்லப்படுகின்றன. ஜெபிப்பது என் கடமை, ஜெபிக்கிறேன். ஆயினும் எதற்காக ஜெபிக்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும் என்று இந்த வாரம் எழுதத் துணிகிறேன். இசைக்குழுவின் பின்னால் போவது நோயல்ல. அது ஒரு பசி. தன்னைத் தன் பெயரால் அறிந்த ஒரு கூட்டத்தின் நடுவே இருக்கவேண்டும் என்கிற பசி. நாம் அஞ்சவேண்டியது வேறொன்று உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

பிரியமானவர்களே, இதை வெளியே நின்று பார்த்தவனாக நான் எழுதவில்லை. 1980-களின் பிற்பகுதியில், இந்த வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றின் பின்னால் ஊர் ஊராகச் சென்ற இளைஞர்களில் நானும் ஒருவன். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை, சோளிங்கரில் ஒரு திருமண வரவேற்பு, பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத் திருவிழா, எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் அம்மன் ஜாத்திரை: அந்தக் குழு எங்கே போனதோ அங்கெல்லாம் போனோம். ஒரு சைக்கிளில் இருவர். தூரமானால் கடைசிப் பேருந்து. திரும்புவதற்கு விடியற்கால ரயில். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். மேட்டடோர் வேனிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கிக் கொடுப்பது எங்களுக்குக் கிடைத்த பெருமை. அதற்கு ஈடாக, டிரம்ஸுக்கு இடப்பக்கத்தில் சவுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க எங்களுக்கு உரிமை உண்டு.

எல்லை ஊர் ஆகையால் அந்தக் குழு இரண்டு மொழிகளில் பாடியாகவேண்டும். பொன்பாடிக்கு இப்புறம் இளையராஜா பாட்டுக்குச் சீட்டு வந்து குவியும். அப்புறம் போனால், 1980-இல் வெளிவந்த 'சங்கராபரணம்' படப் பாடல் இல்லாமல் ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த எல்லைக்கோட்டிற்காக எத்தனை போராட்டம், எத்தனை சிறைவாசம்! ஆனால் இரவு பதினொரு மணிக்கு மைக்கின் முன் நின்ற பாடகருக்கு இருபுறத்தாரும் ஒரே ஜனங்களாக இருந்தார்கள். பகலெல்லாம் விசைத்தறியின் இரைச்சலில் நின்ற நெசவாளிகள், இரவில் ஒரு புல்லாங்குழலின் மெல்லிய துணுக்கிற்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வாத்தியக்காரரின் பின்னால் நடப்பது நம் நாட்டுக்குப் புதிய பழக்கமும் அல்ல. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நாதஸ்வரம் வாசித்து வீதியில் வந்தபோது, ஜனங்கள் இரவெல்லாம் உடன் நடந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதர் தமது முதல் கீர்த்தனையைப் பாடியது நம்முடைய இதே திருத்தணி மலையில்தான் என்பது இசையுலகின் மரபு. பிற்காலத்தில், மூத்த சகோதரர் பாவலர் வரதராஜனோடு இளையராஜாவும் சகோதரர்களும் அரசியல் மேடைதோறும் பாடிச் சென்றார்கள். 'அன்னக்கிளி' வெளிவந்த 1976-க்கு முன் கடந்துபோன அந்த ஆண்டுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இளைஞராக நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்திருக்கிறார்கள். அன்று மேடைக்கு முன்னால் நின்றவர்களுக்கு, தாங்கள் யாரைக் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்க வழியில்லை. 2020 செப்டம்பரில் அந்தப் பாடகரின் சரீரம் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில் அடக்கம்பண்ணப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் கலங்கினோம் என்பது நமக்கே தெரியும். ஆகையால், சினிமாப் பாட்டு நமக்கு அந்நியமானது என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம், அவர்கள் நம்பமாட்டார்கள்.

வேதத்திலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. மேட்டிலிருந்து தீர்க்கதரிசிகளின் கூட்டம் ஒன்று இறங்கி வருகிறது. அவர்களுக்கு முன்னே தம்புரும் மேளமும் நாகசுரமும் சுரமண்டலமும் வருகின்றன. கழுதைகளைத் தேடிப் போன வாலிபனாகிய சவுல் அவர்களோடே சேர்ந்துகொள்ளுகிறான். அங்கேதான் அவன் வேறு மனுஷனாகிறான். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது எளிது. ஊரார் என்ன செய்தார்கள்? கீசின் குமாரனும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டானா என்று ஒருவரையொருவர் கேட்டு வியந்தார்கள். அது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. நம் பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய அதுவே. சவுல் பிற்காலத்தில் கெட்டுப்போனது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் வாத்தியம் அல்ல. அவன் கலங்கிய நாட்களில் அவனுக்கு ஆறுதல் தந்தது தாவீதின் சுரமண்டலமே.

இனி, நாம் அஞ்சவேண்டிய காரியத்திற்கு வருகிறேன்.

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் மிகுந்த திறமைசாலி. அவருடைய கைவேகத்தைக் காணவே தூர ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். இரசித்தவர்கள் தங்கள் அன்பை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? இடைவேளையில் அவரை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஊற்றிக்கொடுத்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரசிகர். ஒவ்வோர் இரசிகரிடமும் ஒரு புட்டி. வாங்கிக்கொடுத்தவர்களுக்கு அது ஒருநாள் மகிழ்ச்சி. வாங்கிக் குடித்தவருக்கு அது வாரம் மூன்று இரவு. ஒரு திருவிழாவில் அவரால் இருக்கையில் நேராக உட்கார முடியவில்லை. கூட்டம் சிரித்தது. கைதட்டியவர்களும் அவர்களே, ஊற்றிக்கொடுத்தவர்களும் அவர்களே, சிரித்தவர்களும் அவர்களே.

ஆமோஸ் தீர்க்கதரிசி கடிந்துகொள்ளுவது இதைத்தான். வாத்தியங்களின் ஓசையோடே பாடுகிறவர்களையும் பெரிய பாத்திரங்களில் மதுபானம் பண்ணுகிறவர்களையும் அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஆனால் அந்த வரிசையின் முடிவில் வைக்கும் குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: யோசேப்புக்கு நேரிட்ட கேட்டினால் அவர்கள் துக்கப்படவில்லை. பாட்டும் பாத்திரமும் கையில் இருக்க, சகோதரன் அழிவதைக் கண்டும் மனம் நோகாதிருப்பதே அந்த வரிசையின் உச்சம்.

அந்த இரவில் மனம் நொந்தவர் ஒருவர் இருந்தார். அவர் குழுவின் தலைவர். நெற்றியில் விபூதி அணிந்த, வயதான ஆர்மோனியக்காரர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி முடிந்து வேன் புறப்படுமுன், கையில் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு தம் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணுவார். ஒருவர் குறைந்தாலும் வேன் நகராது. அன்றும் எண்ணினார், டிரம்ஸ்காரரைக் காணோம். விடியும் வரை தேடி, பேருந்து நிலையத்துத் திண்ணையில் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். மறுநாள் தலைவர் தாமே அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் கையில் அந்த இரவுக்கான சம்பளத்தைக் கொடுத்தார். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை அறிந்த மேய்ப்பனைப்பற்றிப் பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டார்ச் விளக்கு நினைவுக்கு வருகிறது.

பிரியமானவர்களே, எந்தக் கூட்டத்தையும் அளக்க இதுவே சரியான அளவுகோல் என்பது என் கருத்து. உங்கள் பிள்ளை போகும் இடத்தில் என்ன பாட்டு பாடுகிறார்கள் என்று கேட்பதைவிட, இரவின் முடிவில் அங்கே அவனை எண்ணுகிறவர் யார் என்று கேளுங்கள்.

பாட்டும் குடியும் பிரிக்கமுடியாதவை என்று எண்ணிச் சோர்ந்துபோகவும் வேண்டாம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கேவர்ன் என்கிற நிலவறை மன்றம் ஒன்று உண்டு. 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் குழுவினர் இருநூற்றைம்பது முறைக்கும் மேலாக அங்கே வாசித்தார்கள். இளைஞர்கள் மதிய உணவு வேளையிலும் ஓடிவந்து கேட்டார்கள். உலகம் இன்றளவும் பேசும் அந்த நாட்களில் அங்கே மதுபானம் விற்கப்படவில்லை. பாட்டைத் தேடி வரும் பிள்ளைக்குப் புட்டி தேவையில்லை. புட்டியைப் பாட்டின் அருகே கொண்டுவந்து வைப்பது வியாபாரம். நம் மாநிலத்தில் 1983-இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டு, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தபின் அந்த வியாபாரம் எவ்வளவு பெருகிற்று என்பதை விதவைகளுக்கு உதவித்தொகை வழங்கும் நம் சபைச் செயலரே சொல்லுவார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தபின், இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. விடியும் வரை நடந்த கச்சேரிகள் சுருங்கிவிட்டன. கணினியில் பதிவான டிராக் ஒன்று ஒலிக்க, ஒருவர் மட்டும் பாடுகிறார், அல்லது டி.ஜே. வந்துவிடுகிறார். தபேலாக்காரருக்கும் டிரம்பெட்காரருக்கும் வேலையில்லை. பத்துப் பேர் ஏறிய வேனில் இன்று இருவர். எண்ணுவதற்கு ஆளும் இல்லை. எண்ணப்படுவதற்கு ஆளும் இல்லை.

ஆலயத்திலும் அதுவே நேர்ந்திருக்கிறது அல்லவா? ஒரு கீபோர்டு, அதில் பொத்தானை அழுத்தினால் தாளம். பாடகர் குழு பல இடங்களில் பெயரளவில் இருக்கிறது. இந்த நிலையில், கையில் உண்மையான திறமையோடு வரும் வாலிபனைப் பார்த்து, "நீ ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவன், ஆராதனையில் வாசிக்கக்கூடாது" என்று சொல்லுகிற சபைகள் இருக்கின்றன. நம் மூப்பர்களிலும் சிலருக்கு அந்த எண்ணம் உண்டு. அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன்: பரிசுத்த ஸ்தலத்திற்கு ஒழுங்கு வேண்டும் என்பதே அவர்கள் கவலை. ஒழுங்கு வேண்டும்தான். குடியாமல் வரவேண்டும், ஒத்திகைக்கு வரவேண்டும், ஆராதனையின் முடிவு வரை உட்கார்ந்திருக்கவேண்டும். இதைப் பொருளாளரிடமும் நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் அவன் வாரநாளில் எந்தப் பாட்டுக்கு வாசித்துக் கூலி வாங்கினான் என்பது வேறு கேள்வி. நம் சபையில் நெசவாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நெய்த லுங்கியைக் கட்டிக்கொண்டு யார் எந்தக் கடைக்குப் போனார்கள் என்று விசாரித்தபின்னா அவர்களுடைய காணிக்கையை வாங்குகிறோம்?

ஆகவே சபையாரிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். முதலாவது, உங்கள் பிள்ளை ஓர் இசைக்குழுவின் பின்னால் போகிறான் என்றால், ஒருமுறையாவது நீங்களும் போய்ப் பாருங்கள். அவனோடு நிற்கிறவர்களின் பெயர்களைக் கேட்டறியுங்கள். இரண்டாவது, மேடையில் வாசிக்கிறவர்களைப் பாராட்ட விரும்பினால் சாப்பாடு வாங்கிக்கொடுங்கள், பணம் கொடுங்கள். புட்டி கொடுக்காதீர்கள், கொடுக்கிறவரைத் தடுங்கள். மூன்றாவது, ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்புமுன், உங்கள் வரிசையில் வழக்கமாய் உட்காருகிறவர் யார் அன்று வரவில்லை என்று எண்ணிப்பாருங்கள். எண்ணியபின், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

டிசம்பர் 31-ஆம் தேதி இரவு நம் ஊருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மலையில் படித்திருவிழா, பஜனைக் குழுக்கள் 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுகின்றன. அதே இரவில் கீழே நாம் விழித்திருந்து புத்தாண்டு ஆராதனை செய்கிறோம். பின்தங்கிய முதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல அந்தக் குழுவிலிருந்து ஒருவர் படியிறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். வருகிற டிசம்பர் 31 இரவில், ஆராதனை தொடங்குமுன் நாமும் நம் வரிசைகளை எண்ணுவோம். குறைகிறவன் ஏதோ ஒரு மேடையின் அருகே சவுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவனை இழுத்துவர அல்ல, அவனோடு சற்றுநேரம் நிற்க நம்மில் ஒருவர் போகட்டும்.

ஜெபம்: காணாமற்போனவர்களைப் பெயர் சொல்லித் தேடுகிற ஆண்டவரே, எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும், மேடைகளில் வாசித்துப் பிழைக்கிறவர்களையும் காத்தருளும். சகோதரனுடைய கேட்டினால் துக்கப்படுகிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர், திருத்தணி