குதிரைக்குச் சிலை, மனிதனுக்கு?

உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம்முடையது என்று திருகோணமலையில் வாழும் நாம் பெருமைப்பட்டுக் கொள்கிறோம். அது யாருக்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்பட்டது என்று ஒருவர் கேட்டால் மட்டும் வாயடைத்து நிற்கிறோம். நீராவிக் கப்பல்களைக் கொண்டு பிரித்தானியப் பேரரசு உலகைக் கட்டியாண்ட காலத்தில், அக்கப்பல்களுக்கு நிலக்கரி ஊட்டிய தளங்களின் சங்கிலியில் நம் துறையும் ஒரு கண்ணியாக இருந்தது. அந்தப் பேரரசின் யந்திர பலம் மனிதருக்கு என்ன செய்யும் என்பதை, 1899 ஒக்ரோபர் 11 இல் தென்னாபிரிக்காவில் மூண்ட போயர் யுத்தம் காட்டிற்று.

வகுப்பறையில் நாம் இதனை, "வெள்ளையரோடு வெள்ளையர் பொருத சண்டை" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். இது அறியாமையன்று, ஆண்டவர்கள் கற்பித்த பாடம்.

1886 இல் விற்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டெடுக்கப்பட்டிராவிட்டால், போயர் குடியரசுகளின் மீது இலண்டனுக்கு இத்தனை அக்கறை பிறந்திருக்குமா? ஏறத்தாழ நாலரை இலட்சம் படையினரைப் பேரரசு களத்தில் இறக்கியது. 1900 ஜூன் 5 இல் பிரிட்டோரியா வீழ்ந்தது, யுத்தமோ ஓயவில்லை. போயர்கள் கெரில்லாப் போரில் இறங்கினர். தளபதி கிச்சனரின் மறுமொழி என்ன? ஏறக்குறைய 30,000 பண்ணை வீடுகள் எரியூட்டப்பட்டன. சுமார் 8,000 காவலரண்கள் எழுந்தன. அவற்றுக்கிடையே முட்கம்பி ஓடிற்று. பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். எமிலி ஹொப்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1901 இல் அந்தக் கொடுமையைத் தம் நாட்டாருக்கு அம்பலப்படுத்தினார். அம்முகாம்களில் மாண்ட போயர்கள் 27,927 பேர். அவர்களுள் 22,074 பேர் பதினாறு வயது நிரம்பாதவர்கள். அவர்களைக் கொன்றவை குண்டுகளல்ல. சின்னமுத்தும் நெருப்புக் காய்ச்சலும் பட்டினியுமே. பிரித்தானியத் தரப்பில் இறந்த 22,000 பேரிலும் பாதிக்கு மேற்பட்டோர் நோயால் மடிந்த ஏழைச் சிப்பாய்கள்தாம்.

இவர்களெல்லாம் ஒவ்வொருவராக எண்ணப்பட்டவர்கள். கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கே பதிவான மரணங்கள் மட்டும் 14,000 க்கு மேல். உண்மைத் தொகை 20,000 ஐயும் தாண்டும் என்கின்றனர் வரலாற்றாசிரியர். அதே யுத்தத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இறந்தன. அவற்றின் நினைவாக 1905 இல் போர்ட் எலிசபெத் நகரில் சிலையொன்று எழுந்தது. நல்லதே! வாயில்லாப் பிராணிக்கு இரங்குவது பண்புதான். ஆனால், குதிரைக்குச் சிலை எழுந்த அம்மண்ணின் ஆட்சி, கறுப்பு மனிதனின் சாவுக்கு ஒழுங்கானதொரு பேரேடுகூட வைக்கவில்லையே! அந்தப் பண்புக்கு என்ன பெயரிடுவது?

இதில் தமிழனுக்கு என்ன வந்தது என்று கேட்போரும் உளர். 1860 முதல் சென்னைத் துறையிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளுள் நம்மவர் ஏராளம். காந்தியடிகள் திரட்டிய தொண்டர் படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 800 பேர் முதலாளிகள் அனுப்பிய ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியன் கொப்பிலும் குருதி வடிந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தோளிற் சுமந்து மைல்கணக்காக நடந்தவர்கள் அவர்கள். போயர்கள் இந்தியருக்கு இழைக்கும் அநீதியும் யுத்தத்துக்கு ஒரு காரணம் என்றார் அமைச்சர் லான்ஸ்டவுண் பிரபு. வெற்றிக்குப் பின் கிடைத்ததென்ன? நேட்டாலில் மூன்று பவுண் தலைவரி 1914 வரை நீங்கவில்லை. டிரான்ஸ்வாலில் 1907 இல் ஆசியரைக் குற்றவாளிகளைப் போல் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. 1910 இல் ஆங்கிலேயரும் போயரும் கைகுலுக்கிக் கொண்டு ஓர் ஒன்றியம் அமைத்தனர். கறுப்பினத்தவரின் முதுகின் மீதே அந்தக் கைகுலுக்கல் நிகழ்ந்தது.

நம் தீவும் விலகி நிற்கவில்லை. 1900 முதல் சுமார் 5,000 போயர் கைதிகள் இங்கே கொணரப்பட்டனர்; பெரும்பாலோர் தியத்தலாவையில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 1902 மே 31 இல் சமாதானம் கையெழுத்தானபின், விசுவாசப் பிரமாணம் செய்து அவர்கள் ஊர் திரும்பினர். சூழவிருந்த மலைகளிலே லயங்களில் கிடந்த தமிழ்த் தொழிலாளிக்கு முட்கம்பி தேவைப்படவில்லை. கடன் தீராமல் வேறு தோட்டம் போகவிடாத 'துண்டு' என்னும் கடதாசியே போதுமாயிருந்தது. அந்த முறை ஒழிய 1921 ஆயிற்று. 1948 இல் அவனது பிரசாவுரிமையே பறிபோயிற்று. கைதிக்கு விடுதலை வந்தது. உழைத்தவனுக்கு எந்தச் சமாதானம் விடுதலை தந்தது?

1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின் மீதே குண்டு பொழிந்தன. பேரரசின் சங்கிலியில் கண்ணியாயிருந்த ஊர், அதற்குரிய விலையைத் தானும் செலுத்திற்று. இன்றும் இத்துறையின் ஆழத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் அளந்து பார்ப்போருக்குக் குறைவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தளபதிகளின் பெயர்களை மனனம் செய்விப்பது வரலாறு கற்பித்தலாகாது. யுத்தத்தால் தங்கம் யாருக்குப் போயிற்று, பிணத்தை யார் சுமந்தார், யாருடைய பிணம் எண்ணப்படாமற் போயிற்று என்னும் மூன்று கேள்விகளை நம் வகுப்பறைகளில் நாளைக்கே கேட்கத் தொடங்குவோம்.