மலைக்கு வேண்டியது பில் குறைப்பா, வெளிச்சமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக் கூரையில் சோலார் போட நினைக்கும் ஏற்காட்டுக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மானியம் பேனலின் கிலோவாட்டைப் பார்த்துத் தரப்படுவது. பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. அதனால் விற்க வருகிறவர்களும் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் முறையைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். "கரண்ட் பில் ஜீரோ சார்" என்பதுதான் பேச்சு.

அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தெருவில் கரண்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் அந்த நொடியே நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் ஒரு பல்பு எரியாது. இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் கூரையிலிருந்து கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

சேலம் டவுனில் இது பெரிய குறை இல்லை. போன கரண்ட் சீக்கிரம் வந்துவிடும். மலையில் அப்படியா? சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்தால் போதும், ஒரு எஸ்டேட் பக்கமே இருட்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாதையே அடைபட்டால் மின்வாரிய ஊழியர்கள் எப்படி ஏறி வருவார்கள்?

"வீட்டில்தான் சாதா இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பீர்கள். இரண்டு மணி நேர கரண்ட் கட்டுக்கு அது போதும். இரண்டு நாள் இருட்டுக்கு? அதன் பேட்டரி தெரு கரண்டில் சார்ஜ் ஆவது. கூரையில் பேனல் இருந்தும் அதற்கு ஒரு சொட்டு கிடைக்காது. இங்கேதான் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். தெரு கரண்ட் போனதும் அது தெருவோடு உள்ள இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, பேனலையும் பேட்டரியையும் வைத்து வீட்டின் முக்கியமான இணைப்புகளுக்கு மட்டும் மின்சாரம் தரும். லைன்மேனுக்கும் ஆபத்தில்லை.

பழைய வாத்தியார் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. 9 வாட் எல்.இ.டி. பல்பு 6 என்றால் 54 வாட். வைஃபை 10, டிவி 70, ஃபிரிட்ஜ் சராசரியாக 45. மொத்தம் சுமார் 180 வாட். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் 5 யூனிட் கொள்ளும். இழப்பெல்லாம் போக 4 யூனிட் கைக்கு வரும் என்று வையுங்கள். 4000 வாட்-மணியை 180-ஆல் வகுத்தால் 22 மணி நேரம். ஃபேன் தேவைப்படாத நம் ஊர்க் குளிருக்கு நன்றி. அதே பேட்டரியில் 2000 வாட் கீசரைப் போட்டால் இரண்டே மணி நேரத்தில் காலி. ஆகவே கீசர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் மூன்றும் பேக்கப் லைனில் சேரவே கூடாது.

பனிமூட்டத்தையும் கணக்கில் சேருங்கள். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மூட்டமான நாளில் கால்வாசிதான் கிடைத்தது என்றாலும் 2 கிலோவாட்டில் 2 யூனிட், பாதி பேட்டரி நிறைந்துவிடும். மரநிழல் படாத கூரையாகப் பாருங்கள். கோடை இடியை நினைத்து இடிதாங்கி, சர்ஜ் புரொடெக்டர், சரியான எர்த் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணை கொடுக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பணம் கொடுங்கள். ஹைபிரிட் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, பேக்கப் லைனைத் தனியாக இழுத்திருக்க வேண்டும்.

இனி அரசுக்கு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள மாநிலம் இது. மலைக் கிராமங்களில் அந்த 100 யூனிட்டைத் தாண்டாத வீடுகள் உண்டு. பில்லே வராத வீட்டுக்கு "பில் ஜீரோ" திட்டத்தால் என்ன லாபம்? அவர்களுக்கு வேண்டியது இருட்டில் நாலு விளக்கு, போனுக்கு சார்ஜ், மூச்சுத்திணறல் உள்ள பெரியவருக்கு நெபுலைசர் ஓட மின்சாரம். 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சோலார் விளக்குகள் கொடுத்தார்கள். ஏழை வீட்டுக்கு சோலார் என்றால் வெளிச்சம் என்று அன்றைக்குப் புரிந்திருந்தது. இன்று அது பில் கணக்காகிவிட்டது.

மலைப்பகுதி வீடுகளுக்கு பேட்டரிக்கும் மானியம் வேண்டும். எல்லா வீட்டுக்கும் உடனே முடியாது என்றால், ஊருக்கு ஒரு அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பேட்டரியோடு கூடிய சோலாரை முதலில் வையுங்கள். புயல் நாளில் ஊரே அங்கு வந்து போனை சார்ஜ் போட்டுக்கொள்ளும், இன்சுலினும் கெடாமல் இருக்கும்.

பேட்டரிக்குச் செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று கேட்கிறவர்களுக்கு ஆன்-கிரிட் போதும். ராத்திரி விளக்கு எரியுமா என்று கேட்கிறவர்கள் பேட்டரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே ஹைபிரிட் போட்டவர்கள் இருந்தால் போன மழைக்கு எப்படி ஓடியது என்று கமெண்டில் எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.