பெயர்ப்பலகைக்குப் பின்னால்



சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் காலை நடை போகும்போது வாசல் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போவது என் கெட்ட பழக்கம். விங் கமாண்டர், வாரண்ட் ஆபீசர் என்று வரும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, வியப்பில்லை. நடுவே எப்போதாவது ‘கமாண்டர், இந்தியக் கடற்படை (ஓய்வு)’ என்று ஒன்று வரும். கால் நின்றுவிடும். கப்பல்காரருக்கு ரன்வே பக்கத்தில் என்ன வேலை?

வேலை உண்டு. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படையினர் மட்டுமல்ல, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை விமானிகளும் வாத்தியாராக இங்கே வந்து படிக்கிறார்கள். நம் மொட்டை மாடிக்கு மேல் வட்டமடிக்கும் சின்ன விமானத்தில் ஒரு கடற்படைக்காரரும் இருக்கலாம். நாம்தான் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டோம்.

கடற்படை விமானி என்றதும் பலருக்கு நினைவு வருவது பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். 1961 மே 18 அன்று அதன் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கிய இந்தியர் ஆர்.எச். தஹிலியானி. கப்பலின் மொத்த நீளமே சுமார் 700 அடி. அதுவும் அலையில் ஆடிக்கொண்டு, நகர்ந்துகொண்டு இருக்கும். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டினால்தான் நிற்கும். மாட்டாவிட்டால் மறுபடி மேலே எழும்ப வேண்டியதுதான். அந்த இளைஞர் பின்னாளில் கடற்படைத் தளபதியானார்.

என்னை அதிகம் ஈர்ப்பது இந்தச் சாகசம் இல்லை, நமக்குப் பக்கத்து ஊரான அரக்கோணத்தின் கதை. 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அங்கே கடற்படை விமானதளத்தைத் தொடங்கிவைத்தார். பெயர் ராஜாளி. கோவாவில் இருந்த ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 விமானங்கள் அங்கே குடிபெயர்ந்தன. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. கிளம்பினால் பத்து மணி நேரத்துக்கு மேல் கடலின் மேலேயே இருக்கும். நீருக்கு அடியில் நீர்மூழ்கி ஏதும் வருகிறதா என்று பார்ப்பதே வேலை. ஒன்றும் தென்படாமல் திரும்பினாலும் வேலை முடிந்ததாகத்தான் கணக்கு. இப்படி ஒரு உத்தியோகத்தில் தலை நரைத்தவரிடம் ‘என்ன சார் பார்த்தீங்க?’ என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றாமல் என்ன செய்வார்? அந்த விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்தில் இப்போது பி-8ஐ பறக்கிறது.

முடிச்சூர், வரதராஜபுரம் வாசகர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மீனம்பாக்கம் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கிய அந்த நாட்களில், பயணிகள் விமானங்கள் ஏறி இறங்கியது ராஜாளியில்தான்.

அடுத்த ஆண்டே, 2016 ஜூலை 22 காலையில், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. கடற்படை விமானங்களும் கப்பல்களும் வாரக்கணக்கில் தேடின. கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான் தடயம் தெரியவந்தது: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள். கண்டுபிடித்தது நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி. தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் விமானம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

இவற்றையெல்லாம் உள்ளிருந்து பார்த்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ரேஷன் வரிசையிலும் சந்தோஷபுரம் காய்கறிக் கடையிலும் நம் பின்னால்தான் நிற்கிறார்கள். அவர்களாகப் பேச மாட்டார்கள். ரகசியம் வேண்டாம், முதன்முதலில் தனியாகப் பறந்த நாள், கடலுக்கு மேல் விடிந்த ஒரு காலை, வீட்டில் காத்திருந்தவர்களின் கவலை, இவை போதும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காபி நேரம் அவரோடு உட்காருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, அவருடைய சம்மதத்தோடு எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியானாலும் சரி, பிழை இருந்தாலும் சரி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்