முதலையின் பெயர்

நெருக்கடியில் கடவுளை நம்பிக் காத்திருந்தால் பதில் வரும் என்று எழுதுகிறார்கள் ஒரு சாரார். வானம் காலி, பதில் வராது என்கிறார்கள் மறு சாரார். நம் சிறுபத்திரிகைகளில் அதிகம் புழங்குவது இரண்டாவது ரகம். இரு சாராருமே பிரார்த்தனையைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்பது என் குற்றச்சாட்டு.

திருப்பூருக்குப் பக்கத்திலுள்ள அவிநாசியின் கதை எல்லோருக்கும் தெரியும். குளிக்கப்போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. வருஷங்கள் கழித்து சுந்தரர் அந்தத் தெருவில் வருகிறபோது, பிழைத்தவன் வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. அவர் பாடுகிறார், முதலை பிள்ளையைத் திருப்பித் தருகிறது. பக்தர்களுக்கு இது அற்புதம், நவீனர்களுக்குக் கட்டுக்கதை. சுந்தரர் அந்தத் தாயைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை என்பதை இருவரும் கவனிப்பதில்லை. பறித்தது இன்னதென்று பெயர் சொல்லி, பிள்ளையைத் தரச்செய் என்று சிவனையே ஏவுகிறார்.

திருப்பூரின் நடுவே ஓடும் நொய்யலிலும் அந்த இரண்டு வீடுகள் உண்டு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. ஆறு தெளிய வேண்டுமென்று கும்பிட்ட ஆயக்கட்டு விவசாயி, கூடவே வழக்கும் போட்டான். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. அவன் வேண்டுதல் பலித்தது. அன்றே, சாயத்தொட்டியருகே நின்று பிழைத்தவன் வீட்டில் அடுப்பு அணைந்தது. பட்டறை திறக்கட்டும் என்று அவனும் அதே சாமியைத்தான் கும்பிட்டான்.

கடவுள் யாருக்குப் பதில் சொன்னார்? காத்திருக்கச் சொல்பவர்கள் சொல்லட்டும். வானம் காலி என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவர்களுடைய சௌகரியம் அது.

நானும் நெருக்கடியில் கும்பிடுகிறவன், விட்டுவிடுவதாக உத்தேசமில்லை. ஆனால் கும்பிடும்போது எதிர்வீட்டுச் சத்தம் காதில் விழவேண்டும். முதலையின் பெயர் தெரியாத பிரார்த்தனை வெறும் புலம்பல். நொய்யலில் முதலை விவசாயியும் இல்லை, கூலிக்காரனும் இல்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை ஆற்றின் தலையில் கட்டிவிட்டு பனியனுக்கு விலைபேசிய கணக்குதான் முதலை. அதை வாங்கினவனும் விற்றவனும் சேர்ந்து வளர்த்தார்கள்.

சுந்தரர் அழுத வீட்டுக்காகப் பாடினார். பூணூல் வீட்டின் சந்தோஷத்திலிருந்து ஒரு பிடிகூட எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படிக் கேட்கத் தெரிந்த ஒரு கவிதையை நம் பக்கங்களில் நான் இன்னும் படிக்கவில்லை.